சும்மா போற கண்ணி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



பெண் கல்வியைப் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒருத்தி வைத்தியர் என்றபடியால், நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றிச் சொன்னாலும் பிரயோசனமாக இருக்கும் என்றார்கள். மன்னிக்க வேண்டும். நாங்கள் ஒரு சால்வையைப் பற்றித்தான் பேசப்போகிறோம். மேடையில் நிற்பது அந்த வைத்தியர் ஒருத்தி என்றாலும் பேசுவது பதினொரு பேர். இந்த உரையைப் பதினொரு பேரும் இரவிரவாகத் திருத்தியிருக்கிறோம். ஆகவே "நாங்கள்" என்றுதான் வரும்.

சால்வை இங்கேதான் இருக்கிறது. முன் வரிசையில், மின்விசிறிக்கு நேரே கீழே, எங்கள் மனையியல் ரீச்சரின் தோளில். இந்த வெக்கையில் ஏன் போர்த்திக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டோம். "பின்னினவளவை வருவாளவை, கழட்டி வைச்சிட்டு வரலாமோ?" என்றார்.

எங்கள் வகுப்பு மனையியல் படித்தது 1991 தொடக்கம் 1995 வரை. அந்த வருடங்களை இங்கே பலருக்கு விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. பற்றரி வராததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். அப்படியான காலத்தில் நிற்றிங் படிப்பிக்க வேண்டும் என்று ஒரு ரீச்சர் பிடிவாதமாக நின்றார். பாடத்திட்டத்தில் இருக்கிறது, ஆகவே படிப்பிக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய நியாயம். கம்பளி நூலுக்கு எங்கே போவது? மலைநாட்டில் வேலைபார்த்த காலத்தில் போட்ட இரண்டு சுவெற்றர்களை வீட்டிலிருந்து கொண்டுவந்தார். ஒன்று போத்தல் பச்சை, மற்றது அழுக்கேறிய வெள்ளை. முதல் இரண்டு பாடவேளையும் சுவெற்றரைப் பிரிக்கத்தான் போயின. பிரித்த நூலைக் கதிரைச் சட்டத்தில் சுற்றி, கழுவி, நுனியில் கல்லைக் கட்டித் தூக்கிவிட்டால்தான் அதன் சுருட்டை நிமிரும். ஊசி மூங்கிலில் சீவி, உடைந்த கண்ணாடித் துண்டால் வழித்து, மட்டத்தாளுக்குப் பதிலாகக் கடற்கரை மணலைத் துணியில் வைத்துத் தேய்த்தது.

வகுப்பில் இருபத்தாறு பேர். இரண்டு சுவெற்றர் நூலை இருபத்தாறாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு கைப்பிடிதான். அதனால்தான் ரீச்சர் எங்களுக்கு அந்தக் குறிப்பிட்ட பின்னலைக் காட்டித் தந்திருக்கவேண்டும். அதற்குச் சரியான பெயர் எங்களுக்கு அப்போது தெரியாது. பின்னாளில் லண்டன் நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தில் கண்டோம்: பாபரா வோக்கர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1970இல் வெளியிட்ட தொகுப்பில் அதற்கு "மொசைக்" என்று பெயர் வைத்திருக்கிறார். ரீச்சர் எங்களுக்குச் சொன்ன பெயர் "சும்மா போற கண்ணி".

நிற்றிங் தெரியாதவர்களுக்காக இரண்டு நிமிடம். இரண்டு நிறத்தில் பூ வேலைப்பாடு பின்னுவதென்றால், வழக்கமாக இரண்டு நூலையும் ஒரே வரிசையில் மாறி மாறிக் கொண்டுபோக வேண்டும். பழகாத கைக்குச் சிக்கும், இழுக்கும். இந்த முறையில் ஒரு நேரத்தில் ஒரு நூல்தான் கையில் இருக்கும். பச்சை நூலால் போய், திரும்பி வந்து இரண்டு வரிசை. பிறகு வெள்ளை நூலால் இரண்டு வரிசை. வெள்ளை வரிசையில் பச்சை தெரியவேண்டிய இடத்தில் அந்தப் பச்சைக் கண்ணியைப் பின்னாமல், அப்படியே இந்த ஊசியிலிருந்து மற்ற ஊசிக்கு மாற்றிவிடுவோம். அதுதான் சும்மா போற கண்ணி. கீழ் வரிசையில் பிறந்தது, இரண்டு வரிசை உயரம் நீண்டு, மேலே வந்துதான் பின்னப்படும். பார்ப்பவருக்கு இரண்டு நிறமும் ஒரே வரிசையில் பின்னியது போலத் தெரியும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: கண்ணியை மாற்றும்போது கையில் இருக்கும் நூல் எப்போதும் துணியின் பின்பக்கத்தில் கிடக்கவேண்டும். போகிற வரிசையில் அது ஊசிக்கு அப்பால், திரும்புகிற வரிசையில் எங்கள் பக்கம். மறந்தால் முன்பக்கத்தில் நூல் குறுக்கே படுத்துக் கிடக்கும்.

இப்படி உள்ளங்கை அளவு ஒரு துண்டு பின்னிக் காட்டினால் புள்ளி. புள்ளி போட்டதும் ரீச்சர் அதைப் பிரிக்கச் சொல்வார். பிரித்த நூல் அடுத்த வாங்குக்குப் போகும். நாலு வருடமாக ஒரே பச்சையையும் ஒரே வெள்ளையையும் இருபத்தாறு பேரும் பின்னிப் பின்னிப் பிரித்தோம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட எவளிடமும் ஒரு துண்டும் இருக்கவில்லை. அம்மாமார் நம்பவும் இல்லை.

எங்கள் ஊர் ஆண்கள் வலை பின்னுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர்கள் நாங்கள். கண்ணி என்ற சொல்லும் அங்கிருந்துதான் எங்கள் வாயில் வந்தது. ஆனால் பெண் பிள்ளைகளுக்கு ஊசி வேலையைப் பாடமாக வைத்தது மிஷன் பாடசாலைகள். உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் தையலும் ஒரு பாடம். நாகர்கோயிலில் மார்த்தா மோல்ற் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னப் பழக்கினார். அவருடைய மகள் எலிசா, கால்ட்வெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அந்தக் கையையும் கொண்டுபோனார். அவர்களுடைய நோக்கம் எங்களுடையது அல்ல. ஆனால் அந்த லேஸ் வேலை விற்று ஏழைப் பெண்கள் கையில் காசு கண்டார்கள் என்பதையும் சொல்லத்தானே வேண்டும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தது. சில நாட்களுக்குள் வடமராட்சிப் பாடசாலைகள் எல்லாம் சனம். எங்கள் மனையியல் அறையில் மூன்று குடும்பங்கள் இருந்தன. பாடம் அத்துடன் நின்றது. அடுத்த வருடங்களில் வகுப்பும் சிதறியது.

மூன்று வருடங்களுக்கு முன் ரீச்சருக்குக் கண் தெரியாமல் போய்விட்டது என்று கேள்விப்பட்டோம். குளுக்கோமா. வைத்தியர் என்ற முறையில் இந்த ஒரு இடத்தில் மட்டும் சங்கத்தின் சொல்லைக் கேட்கிறோம்: நாற்பது வயது தாண்டியவர்கள், குறிப்பாகத் தாய் தகப்பனுக்கோ சகோதரங்களுக்கோ இந்த வருத்தம் இருந்தவர்கள், கண் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் நோகாது. ஓரப் பார்வைதான் முதலில் போகும், போனதை மீட்க முடியாது. ரீச்சர் நோகவில்லை என்று இருந்துவிட்டார்.

கண் போன பிறகும் மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோவிலுக்குப் போவதை அவர் விடவில்லை. ஒரு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறார் என்று ஊரில் இருப்பவள் எழுதினாள். "ஊரில் இருப்பவள்" என்றால் எங்கள் பதினொரு பேரில் வல்வெட்டித்துறையை விட்டுப் போகாத ஒருத்தி. அந்தத் துவாய்தான் எங்களைக் குத்தியது. ஒரு சால்வை பின்னுவோம் என்று முடிவெடுத்தோம்.

இருபத்தாறு பேரில் பதினேழு பேரைத் தேடிப் பிடித்தோம். பின்னச் சம்மதித்தவர்கள் பதினொரு பேர்: ரொறன்ரோவில் மூவர், லண்டனில் இருவர், பாரிஸ், ஒஸ்லோ, சிட்னி, திருச்சி, கொழும்பு, வல்வெட்டித்துறை. ஆளுக்கொரு நிறம். எல்லோருக்கும் பொதுவாக வெள்ளை. அந்த வெள்ளை யாருடைய நிறமும் இல்லை என்று விட்டோம். ஏன் என்று எங்களுக்குள் ஒருவரும் கேட்கவில்லை.

கம்பளி எங்கள் ஊருக்குச் சரிவராது, ஆகவே பருத்தி நூல். பருத்தி இழுபடாது. கம்பளி மன்னிக்கும் பிழையை அது மன்னிக்காது. சும்மா போற கண்ணி துணியை இறுக்கிவிடும் என்பதால் வழக்கத்தைவிட ஒரு அளவு பெரிய ஊசி எடுத்தோம்: நாலரை மில்லிமீற்றர், பழைய கணக்கில் 7ஆம் இலக்கம். குறுக்கே 123 கண்ணி, எட்டுக் கண்ணிக்கு ஒரு பூ, ஓரத்துக்கு மூன்று. ஆளுக்கு அறுபது வரிசை. ஒருத்தி தன் பட்டையை முடித்ததும், ஊசியிலிருந்த கண்ணிகளை ஒரு நூலில் கோர்த்து அடுத்தவளுக்குத் தபாலில் அனுப்பவேண்டும். அடுத்தவளின் முதல் வரிசைகளில் முன்னவளின் கண்ணிகள் சும்மா மேலே போகும். அதனால் எந்த இடத்தில் ஒருத்தி விட்டாள், எந்த இடத்தில் மற்றவள் தொட்டாள் என்று நேர்கோடு கீற முடியாது.

ரொறன்ரோவில் தொடங்கிய பொதி வல்வெட்டித்துறைக்கு வந்துசேரப் பதினான்கு மாதம். எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி 1938இல் பாய் விரித்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போனதைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள், ஒரு தபால் பொதிக்கு இவ்வளவு காலமோ என்று எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள்.

இனித்தான் வெட்கமான பகுதி. ஊரில் இருப்பவள் பொதியைப் பிரித்தாள். அன்று இரவு ஒரு படம் வந்தது. அவளுடைய விரல், விரலுக்குக் கீழே நாலாவது பட்டையில் ஒரு வரிசை. அந்த வரிசை முழுக்க நூல் முன்பக்கத்தில் குறுக்கே கிடந்தது. இரவுக் கடமை முடிந்து வந்து, நித்திரைத் தூக்கத்தில் பின்னிய வரிசை அது. பின்னியது யாரென்று கேட்கவேண்டாம், மேடையில் நிற்கிறாள். காயத்துக்கு ஒழுங்காகத் தையல் போடத் தெரிந்தவளுக்கு நூலைப் பின்னுக்குப் போடத் தெரியவில்லை.

படத்துக்குக் கீழே, "இதைப் பிரிக்கவேணும்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

அதற்கு மேலே ஆறு பேரின் பட்டைகள் இருந்தன. பிரிப்பதென்றால் கொழும்பு, திருச்சி, சிட்னி, ஒஸ்லோ, பாரிஸ், லண்டன் எல்லாம் போகும். "ஆர் பாக்கப்போகினம்?" என்றாள் ஒருத்தி. "ரீச்சருக்குத்தான் கண் தெரியாதே" என்று இன்னொருத்தி எழுதிவிட்டு உடனே அழித்தாள். ஒஸ்லோக்காரி, ஒரு குளிர்காலம் முழுக்கத் தான் இருந்து பின்னியதைப் பிரிக்க விடமாட்டேன் என்றாள். ஊரில் இருப்பவள் அசையவில்லை. ரீச்சர் ஒருநாளும் பிழையோடு விட்டதில்லை என்பது அவளுடைய ஒரே பதில். வார்த்தை தடித்தது. கடைசியில் ஒருத்தி எழுதினாள்: "நாங்கள் அனுப்பின காசிலைதானே நூலே வந்தது." அந்த வரியை இந்த உரையில் சேர்க்கச் சொன்னது அதை எழுதியவள்தான். அன்றிரவே ஊரில் இருப்பவள் குழுவிலிருந்து விலகினாள். பொதி அவளுடைய அலுமாரியில் மூன்று மாதம் கிடந்தது.

ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்தபோது, பிழை விட்டவளையே அவளிடம் தூது அனுப்பினோம். தேத்தண்ணி வந்தது. ஊர்க் கதை வந்தது. சால்வைக் கதை வரவில்லை. எழும்பப் போகும்போதுதான் கேட்டாள்: "எனக்குச் சாம்பல் நிறம் எண்டு ஆர் முடிவெடுத்தது?"

எங்களுக்கு விளங்கவில்லை. பிறகுதான் கணக்குப் பார்த்தோம். நிறம் தெரிவு செய்தது ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணிக்கு. இங்கே அது காலை ஆறரை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு அவள் போனை எடுத்துப் பார்த்தபோது பத்து நிறமும் போய்விட்டது. மிஞ்சியது சாம்பல். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. "பட்டம் ஏத்திற ஊரிலை இருக்கிறவளுக்குச் சாம்பலோ?" என்றாள். நூலும் எங்களுடையது, மாதிரியும் எங்களுடையது, நிறமும் நாங்கள் பிரித்தது. அவளுக்கு விட்டது கடைசிப் பட்டையும், சுற்றிவர லேஸ் கரையும். அதாவது ஆகக் கூடிய வேலை.

அலுமாரியைத் திறந்து பொதியை எடுத்தாள். அதோடு இன்னொன்றும் வந்தது. உள்ளங்கை அளவு, பச்சையும் வெள்ளையும். 1995இல் பாடம் நின்ற அன்று ஊசியில் இருந்த துண்டு. பிரிப்பதற்கு முன் பாடசாலை மூடியதால் தப்பியது. அதைக் கடைசியாகப் பின்னியது யார் என்று எங்களுக்குத் தெரியும். அவளுடைய பெயரை இங்கே சொல்வதை அவளுடைய தாயார் விரும்பவில்லை. அந்தத் துண்டில் இரண்டு இடத்தில் நூல் முன்பக்கம் கிடக்கிறது.

அதைப் பார்த்தபின் பிரிக்கிற கதையை இரண்டு பேருமே எடுக்கவில்லை.

சாம்பல் நூல் வந்தபடியே போனது. நெல்லியடிக் கடையில் அவள் பட்டத்தாள் றோஸ் நிறத்தில் பருத்தி நூல் எடுத்தாள். எங்கள் நூலைவிட மெல்லியது, ஆகவே இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னினாள். பதினோராவது பட்டை அதுதான். தூரத்திலிருந்து பார்த்தாலும் முதலில் அதுதான் தெரியும்.

லேஸ் கரையைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவள் எங்களை விடமாட்டாள். லேஸ் என்பது வேண்டுமென்று விடும் ஓட்டை. நூலை ஊசியில் ஒருமுறை சுற்றினால் ஒரு ஓட்டையும் ஒரு புதுக் கண்ணியும் வரும். கண்ணி கூடக்கூடாத இடத்தில் இரண்டைச் சேர்த்து ஒன்றாகப் பின்னிச் சரிக்கட்ட வேண்டும். கரையைத் தனியே பின்னித் தைக்கவில்லை. சால்வையின் நீளப் பக்கத்தில் வயல் வரம்பு போலத் தெரிகிற ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு கண்ணி எடுத்தாள், பக்கத்துக்கு 330. அகலப் பக்கத்து 123ஐ மூன்று இடத்தில் குறைத்து 120 ஆக்கினாள். பிறகு சில கண்ணிகளுடன் கரையைத் தொடங்கி, வெளியே போகும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி கூட்டி, உள்ளே திரும்பும் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கரையின் கடைசிக் கண்ணியையும் சால்வையின் ஒரு கண்ணியையும் ஒன்றாகப் பின்னினாள். ஆறு கூடியதும், பன்னிரண்டாம் வரிசையில் ஆறையும் கட்டி இறக்கினால் ஒரு பல். ஆறு கண்ணிக்கு ஒரு பல்லாக 150 பல். மூலைகளில் கரை சுருங்காமல் திரும்புவதற்கு ஒரே கண்ணியில் பல தடவை சேர்த்துப் பின்னி, மூலைக்கு ஒரு பல் கூடுதலாக விட்டாள். மொத்தம் 154. ஓகஸ்டில் தொடங்கி கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல் நாள் முடித்தாள்.

பதினொரு கை என்றால் பதினொரு இறுக்கம். பாரிஸ்காரியின் பட்டை தொய்வு, கொழும்புக்காரியின் பட்டை இறுக்கம், ஓரம் அலையடித்தது. அதற்கும் ரீச்சர் அந்தக் காலத்தில் சொன்ன வழிதான். கழுவி, மெல்லிய அரிசிக் கஞ்சியில் தோய்த்து, விறாந்தையில் பனையோலைப் பாயை விரித்து, அளவுக்கு இழுத்து, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு குண்டூசி குத்திக் காயவிட்டாள். துருப்பிடிக்காத குண்டூசியாகப் பார்த்து வாங்கவேண்டும், உப்புக்காற்றில் மற்றது ஒரு இரவிலேயே கறை வைத்துவிடும்.

மார்கழி பிறந்த கிழமை ரீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனாள். மற்றப் பத்துப் பேரும் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். ரீச்சர் சால்வையை மடியில் விரித்தார். போர்த்திப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாசிக்கத் தொடங்கினார். பெருவிரல் மேட்டை எண்ணிக்கொண்டு போனது. முதல் பட்டை, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் எங்கள் வைத்தியர் மூச்சை விடவில்லை. விரல் அந்த வரிசையைத் தாண்டியது. திரும்பி வந்தது. மறுபடி தாண்டியது. ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பட்டை முடிந்து கரைக்குப் போனார். பல் பல்லாகத் தடவி வந்து ஒரு இடத்தில் நின்றார்.

"இந்தப் பல்லிலை ஒரு ஓட்டை குறையுது."

ஊரில் இருப்பவள் வாங்கி எண்ணிப் பார்த்தாள். குறைந்துதான் இருந்தது. அவளுடைய சொந்தப் பிழை. அது கரை முடிவதற்குப் பதினொரு பல் முன்னால் இருந்தது. ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு அவள் சிரித்த சிரிப்பு பத்துப் போனிலும் கேட்டது. அந்த இடத்திலேயே, ரீச்சரின் திண்ணையில் இருந்து, 132 வரிசையைப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க ரீச்சர் நூலைத் தன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மிச்சமெல்லாம் சரிதானே?" என்று கேட்டார்.

"சரி, ரீச்சர்" என்றோம், பதினொரு பேரும்.

அந்தப் பொய்யை இன்று மேடையில் வைத்துத் திருத்துகிறோம். நாலாவது பட்டை, கடல்நீல நிறம், கீழிருந்து இருபத்துநாலாம் வரிசை. ரீச்சர் இப்போது தலையாட்டுகிறார். அவருக்கு அன்றே தெரியுமோ என்று எங்களுக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்லமாட்டார்.

பச்சை வெள்ளைத் துண்டு நூற்றாண்டுக் கண்காட்சியில், மனையியல் மேசையில் இருக்கிறது. பெயர் எழுதவில்லை. அதைத் தொடவேண்டாம். சால்வையைத் தொடலாம், ரீச்சர் ஆட்சேபிக்கமாட்டார். ஆனால் மத்தியானச் சாப்பாட்டில் நண்டுக் கறி இருக்கிறது என்று அறிகிறோம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.